சுவரில் இடித்தவர் உள்ளே, பின்னால் வந்தவர் வெளியே: இன்டர்லாகோஸ் 2024

17-வது இடத்தில் கிளம்பி வெர்ஸ்டாப்பன் ஜெயித்த பந்தயம் என்றுதான் பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில் நடந்த 2024 ஃபார்முலா 1 சாவோ பாலோ கிராண்ட் பிரி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த வெற்றி பெரிதுதான். ஆனால் அன்று காலை, கிளம்பும் வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் நடந்த அநியாயம் அந்தக் கொண்டாட்டத்தில் அமுங்கிப்போனது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அது ஸ்பிரின்ட் வார இறுதி, அதாவது முக்கியப் பந்தயத்துக்கு முன் ஒரு குறும்பந்தயமும் நடக்கும் வார இறுதி. பயிற்சி என்று கிடைத்ததே வெள்ளிக்கிழமை 60 நிமிடம். அதுவும், ஸ்பிரின்ட் தகுதிச் சுற்றும், சனிக்கிழமை ஸ்பிரின்ட்டும் காய்ந்த தடத்தில் ஓடி முடிந்தன. சனி மதியம் மழை கொட்டியதால் தகுதிச் சுற்றை ஞாயிறு காலை 7.30 மணிக்குத் தள்ளி, பந்தயத்தை 12.30 மணிக்கு முன்னால் இழுத்தார்கள். தள்ளிவைத்தது சரியான முடிவு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: புதிதாகத் தார் போட்டு மேடுபள்ளமாகிவிட்ட அந்தத் தடத்தில், மழையில் ஒரு சுற்றுகூட ஓட்டிப் பார்க்காமல் 20 ஓட்டுநர்களும் நேராகத் தகுதிச் சுற்றுக்குள் இறங்கினார்கள். தண்ணீர் எங்கே தேங்கும், எந்த வளைவில் ரப்பர் படிந்த பாதையை விட்டு வெளியே போனால் பிடிமானம் கிடைக்கும் என்பதையெல்லாம் கடிகாரம் ஓடும்போதே கற்க வேண்டிய நிலை. கொலப்பின்டோ, சைன்ஸ், ஸ்ட்ரோல், அலோன்சோ, ஆல்பன் என்று ஐந்து விபத்து, ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் ஐந்து சிவப்புக் கொடி. யாரையும் குறை சொல்ல முடியாது.

தகுதிச் சுற்று Q1, Q2, Q3 என்று மூன்று கட்டம். Q2 முடிவில் முதல் பத்துப் பேர் மட்டுமே Q3-க்குப் போவார்கள். என் கோபமெல்லாம் Q2-வின் கடைசி நிமிடங்கள் மீதுதான். மழைத் தடத்தில் கார்கள் ஓட ஓட டயர்கள் தண்ணீரை வாரி இறைக்கும். 300 கிமீ வேகத்தில் மிதமான ஈரத்துக்கான ஒரு இன்டர்மீடியட் டயர் வினாடிக்குச் சுமார் 30 லிட்டரை வெளியே தள்ளுகிறது என்கிறது டயர் தரும் பிரெல்லி நிறுவனம். ஆகவே மழை விட்டிருந்தால் கடைசியில் போடும் சுற்றுதான் வேகமான சுற்று. எல்லோரும் அதற்காகவே டயர் சூட்டையும் பேட்டரியையும் சேர்த்து வைப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஸ்ட்ரோல் சுவரில் இடித்தார். சிவப்புக் கொடி உடனே வரவில்லை. எச்சரிக்கைக்கான மஞ்சள் கொடியில் கடிகாரம் நிற்காது, சிவப்பில்தான் நிற்கும். கொடி ஏறியபோது, வெளியே வந்து இன்னொரு சுற்று முடிக்க நேரம் மிச்சமில்லை. Q2 அத்தோடு முடிந்தது.

வெர்ஸ்டாப்பன் 12-வது. எஞ்சின் மாற்றத்துக்கான ஐந்து இட அபராதமும் சேர்ந்து 17. அவருடைய அணித் தோழர் பெரெஸ் 13-வது. இடித்த ஸ்ட்ரோல்? அதற்கு முன் போட்ட நேரம் அப்படியே நின்றதால் முதல் பத்துக்குள் வந்துவிட்டார். கார் நொறுங்கி Q3-இல் ஓட முடியாவிட்டாலும் 10-வது இடம் அவருடையது. அவர் வேண்டுமென்று இடிக்கவில்லை. ஆனால் இடித்தவருக்கு இடமும், பின்னால் ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வெளியேற்றமும் தருகிற விதி தப்பான விதி.

அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத் தொடரில் இதற்கு வழி இருக்கிறது. தகுதிச் சுற்றில் சிவப்புக் கொடிக்குக் காரணமானவரின் சிறந்த இரண்டு சுற்று நேரங்கள் போய்விடும், அடுத்த கட்டத்துக்கும் போக முடியாது. வேண்டுமென்றா, தவறியா என்ற விசாரணையே தேவையில்லை. 2021 மொனாக்கோவில் லெக்லேர் Q3-இல் இடித்தும் போல் பொசிஷன், அதாவது முதலாவதாகக் கிளம்பும் இடம், அவருக்கே நின்றபோதே ஃபார்முலா 1 இதை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படி விதி வந்தால் மழையில் யாரும் துணிந்து ஓட்டமாட்டார்கள் என்பது வழக்கமான பதில். நான் ஏற்கவில்லை. 2022-இல் இதே இன்டர்லாகோஸில், ஸ்பிரின்ட் வார இறுதியில்தான், மழை வரப்போகிறது என்று கணித்து ஹாஸ் அணி மேக்னஸனை Q3-இல் முதல் ஆளாக வெளியே அனுப்பியது. காயும் தடத்தில் கடைசி ஆள், நனையப்போகும் தடத்தில் முதல் ஆள், இதுதான் கணக்கு. அவர் 1:11.674 போட்டார். ரஸ்ஸல் சரளையில் சிக்கிச் சிவப்புக் கொடி வந்தது, மழையும் பிடித்துக்கொண்டது, போல் மேக்னஸனுக்கு. அவர் யார் சுற்றையும் கெடுக்கவில்லை. சரளையில் மாட்டிய ரஸ்ஸலோ 3-வது இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். இண்டிகார் விதிப்படி அந்த இடம் போயிருக்கும், மேக்னஸனின் போல் அப்படியே இருந்திருக்கும். துணிச்சலுக்கு அந்த விதி எங்கே தடை?

கூடவே ஒரு சின்னத் திருத்தமும் வேண்டும். ஈரத் தடம் என்று அறிவித்த தகுதிச் சுற்றில், சிவப்புக் கொடிக்குப் பின் எவ்வளவு நேரம் மிச்சமிருந்தாலும் குறைந்தது நான்கு நிமிடமாவது கடிகாரத்தில் வைத்துத் திறக்க வேண்டும். இன்டர்லாகோஸின் 4.309 கிமீ தடத்தில் வெளியே வரும் சுற்றுக்கும் நேரம் பதியும் சுற்றுக்கும் அது தாராளமாகப் போதும். ஸ்பா போல நீளமான தடத்துக்கு ஆறு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.