பெட்டியிலேயே வந்த மூடி

மார்பிள் கட்டரை, அதாவது கல் அறுக்கும் கை மெஷினை, மூடியில்லாமல் கவிழ்த்துவைத்து மரம் அறுக்கும் அந்த ரீல்ஸை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பின்னூட்டம் போட்டேன், நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டேன்.

நான் எழுதியது ஒரே வரி: "பிளேடு மூடி எங்கே தம்பி?" அதற்குத்தான் 'பூமர்', 'ஏசி ரூம் ஆசாரி', 'வேலை தெரியாதவனுக்குத்தான் மூடி' என்று இத்தனை பட்டங்கள். முப்பது வருஷம் மரத்தூள் தின்றவனுக்கு ஏசி ரூம் கொடுத்த நல்ல மனசுக்கு நன்றி.

மார்பிள் கட்டரின் மூடியைக் கழற்றி, கவிழ்த்து, பிளைவுட்டுக்கு அடியில் முடுக்கி, சுவிட்சை அமுக்கியபடி டேப் சுற்றிவிட்டால் அது டேபிள் சாவாம், பிளேடு மேலே நீட்டி நிற்கும் மேசை ரம்பமாம். சரி, பலகை எகிறும்போது எப்படி நிறுத்துவீர்கள்? மேசைக்கு அடியில் குனிந்து டேப்பைப் பிரிப்பீர்களா?

அந்த மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12,000 சுற்று சுற்றும். 40 பல் பிளேடு மாட்டினால் விநாடிக்கு 8,000 பல் விரலைத் தாண்டிப் போகிறது. "உளியும்தான் கையை வெட்டும்" என்று ஒரு அறிவாளி. வெட்டும். என் கையில் உளித் தழும்பு மட்டும் ஐந்து இருக்கிறது. ஆனால் நான் தட்டுவதை நிறுத்தினால் உளியும் நின்றுவிடும் ஐயா.

2011இல் ஒரு வீட்டு வேலை. 18 எம்எம் பிளைவுட்டில் இரண்டங்குலப் பட்டி கிழித்துக்கொண்டிருந்தேன். நானும் அன்றைக்கு மெஷினைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். பாதி போனதும் வெட்டிய இடைவெளி சுருங்கிப் பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வியது. நல்ல டேபிள் சாவில் அந்த இடைவெளியைச் சுருங்கவிடாமல் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கும். என் பலகையில் ஏது? பட்டி திரும்பி வந்து தொப்புளுக்கு மேலே குத்தியது. அதைத் தள்ளிக்கொண்டிருந்த இடது கை அப்படியே முன்னால் போய்விட்டது. ஆள்காட்டி விரலில் நகம் இருந்த இடம் இப்போது வழவழவென்று இருக்கும். கழற்றிப் போட்ட மூடி பெட்டிக்குள் புதுசு கலையாமல் கிடந்தது.

"மூடி இருந்தால் கோடு தெரியாது" என்கிறீர்கள். கோட்டை ஏன் பார்க்க வேண்டும்? மெஷினை நிமிர்த்திப் பிடித்து, பிளேடிலிருந்து அடித்தட்டு விளிம்புவரை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். கோட்டிலிருந்து அவ்வளவு தள்ளி ஒரு நேர்ப்பட்டையை இரண்டு கிளாம்பால் இறுக்குங்கள். அதை ஒட்டி ஓட்டினால் கண்ணை மூடிக்கொண்டே... வேண்டாம், திறந்தே ஓட்டுங்கள்.

"எல்லோராலும் விலை உயர்ந்த மெஷின் வாங்க முடியுமா?" நான் வாங்கச் சொன்னேனா? அமெரிக்காவில் விரல் பட்டதும் 5 மில்லிவிநாடிக்குள் பிளேடை நிறுத்தும் சாஸ்டாப் என்ற டேபிள் சா இருக்கிறது. அதையா கேட்டேன்? பெட்டியிலேயே வந்த மூடி. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மூடி. அதைக் கழற்றாதே என்கிறேன், அவ்வளவுதான். சதுர அடிக் கூலியில் அவசரப்படுத்துகிறார்கள் என்பது நிஜம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கூலியில் விரலுக்குத் தனி ரேட்டும் இல்லை.

அப்புறம் அந்த ரீல்ஸ் தம்பி போட்டிருக்கும் கையுறை! "பாதுகாப்பாகத்தான் செய்கிறார், பாருங்கள்" என்று அதற்கொரு வக்கீல். சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் நூல் கையுறை போட்டால், ஒரு இழை சிக்கினாலும் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லை, மூக்குக்குத் துணிகூட இல்லை. மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வெளியிட்டுவிட்டது. மாஸ்க் போட்டால் முகம் தெரியாதே, லைக் எப்படி வரும்?

பூமர் என்றதெல்லாம் எனக்குச் சுடவில்லை. 'வேலை தெரியாதவனுக்குத்தான் மூடி' என்ற வரிக்குச் சிரிப்பு இமோஜி போட்டவன், என் பட்டறையில் ஆறு வருஷம் இருந்தவன். இழைப்புளி அலகைத் தீட்டச் சொல்லிக்கொடுத்தது நான். 2011இல் என் கையில் துண்டைச் சுற்றி, பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான்.

இன்று காலை போன் செய்தான். மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டர் மெஷினுக்கு பிட் ஒன்று வேண்டுமாம். சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. வந்து வாங்கிக்கோ என்றேன். வரும்போது உன் கட்டரையும் எடுத்துவா என்றேன், மூடியோடு.