கரிச்சா வழி மறந்து ஓடல

ஞாயித்துக்கிழமை நாய்ப் பந்தயத்துல நடந்ததை எல்லாரும் பாத்திருப்பீங்க. எனக்கே அந்த வீடியோ பதினோரு தடவை வந்துருச்சு, சிரிப்புச் சத்தம் சேத்து, கீழ "வழி மறந்த கன்னி"ன்னு எழுதி. கன்னிங்கிறது நம்ம நாட்டு வேட்டை நாய் இனம். அந்த நாய் எங்க அக்கா மகன் வளக்குற கரிச்சா. ரெண்டு நாளா வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன், முடியல.

வீடியோவுல இருக்குறது இவ்வளவுதான். ஆறு நாய விடுறாங்க. மோட்டார்ல சுத்துற கயிறு, நுனியில துணிப் பொட்டலம், மூலையில கப்பி வச்சு கயித்தைத் திருப்பி விட்டிருக்காங்க. அஞ்சு நாய் பொட்டலத்தோட வாலைப் புடிச்ச மாதிரி ஓடுது. கரிச்சா கொஞ்ச தூரம் ஓடி, தலையைத் தூக்கிப் பாத்துட்டு, கோட்டை விட்டு வெலகி குறுக்க வெட்டுறா. மத்த நாய்ங்க கப்பியைச் சுத்தி வர்றதுக்குள்ள மோட்டார் கிட்ட போய் நின்னு, பொட்டலம் வர்ற திசையைப் பாத்துக்கிட்டிருக்கா. மைக் புடிச்சவரு "இதை ஆடு மேய்க்கக் கூட்டிட்டுப் போங்கப்பா, ஓட்டத்துக்கு ஆகாது"ன்னு சொல்றாரு, கூட்டம் சிரிக்குது.

அவ ஓட்டத்தை நிறுத்தல. பொட்டலம் எங்க போய்ச் சேரும்னு கண்டுபுடிச்சுட்டா. முதல் சுத்துல முழுசா ஓடி ரெண்டாவதா வந்த நாய் அது. ஒரே ஒரு தடவை ஓடுனதுல கயிறு எங்க திரும்புது, எங்க முடியுதுன்னு மனசுல வாங்கிக்கிட்டா. பந்தய விதிப்படி அது தப்பு, ஒத்துக்கிறேன், கோப்பை கேக்கல. ஆனா அதைப் பாத்து "புத்தி கெட்ட நாய்"ன்னு எழுதுறீங்க பாருங்க, அதுதான் பொறுக்கல. அந்த ஆறு நாய்ல புத்தியை ஓட விட்டது அவ ஒருத்திதான்.

வேகம் தகுதிதான், யாரு இல்லன்னா? ஆனா வேலை செய்யிற நாய்க்கு முதல்ல வேணுங்கிறது எங்க ஓடணும்ங்கிற அறிவு, வேகம் அதுக்கு அப்புறம்.

எங்க தாத்தா காலத்துல கன்னி வச்சிருந்தவங்க முயலுக்குத்தான் வச்சிருந்தாங்க, மறைக்க ஒண்ணுமில்ல. (இப்ப அது குத்தம். 1972 வன உயிரினச் சட்டத்துக்கு அப்புறம் நாயை விட்டு முயல் புடிச்சா ஜெயில்தான், நான் அதை ஆதரிச்சு இதை எழுதல, தயவுசெஞ்சு அந்தப் பேச்சை இங்க கொண்டு வராதீங்க.) முயல் நேரா ஓடாது. நாயோட மூச்சு வாலுல படுறப்ப சடார்னு வெட்டித் திரும்பும். வேகம் மட்டும் இருக்குற நாய் அந்த இடத்துல பத்துப் பதினஞ்சடி தாண்டிப் போய், சறுக்கி, திரும்பி, மறுபடி மொதல்ல இருந்து ஓடணும். இப்படி நாலு வெட்டு வெட்டுனா நாய் செத்த மாதிரி ஆயிரும், முயல் வேலிக்குள்ள போயிரும். பழகுன நாய் முழு வேகத்துல போகவே போகாது, அரைப் பிடி மிச்சம் வச்சுக்கிட்டே போகும். "முயல் இருக்கிற எடத்துக்கு ஓடுறது குட்டி, முயல் வரப்போற எடத்துக்கு ஓடுறது நாய்"னு தாத்தா சொல்வாரு. ஞாயித்துக்கிழமை கரிச்சா ஓடுனது இந்த ரெண்டாவது ஓட்டம்தான்.

அதோட நம்ம கரிசல் காட்டைப் பாருங்க. கோடையில நாயோட முன்னங்கால் முழுசா உள்ள போற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கும், அதுக்கு மேல சீமைக்கருவேல முள்ளு. இதுல எழுபது கிலோமீட்டர் வேகத்துல கண்ணை மூடிக்கிட்டு ஓடுற நாய் ஒரே நாள்ல காலை ஒடைச்சுக்கும். பாத்துருக்கேன். போன வருசம் பக்கத்து ஊர்ல ஒரு கிரேஹவுண்ட் (வெளிநாட்டு ஓட்ட நாய்) கலப்பு, என்ன அழகான நாய், வெடிப்புல கால் மாட்டி எலும்பு வெளிய வந்துருச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

பந்தய வேகத்துக்காக கன்னியோட கிரேஹவுண்டைச் சேக்குற இந்தக் கலப்பைப் பத்திப் பேசுனா உடனே "வெளிநாட்டுக்காரன் பண்ணா சரி, நம்ம பண்ணா தப்பா"ன்னு வர்றீங்க. சரி, வெளிநாட்டுக்காரன் என்ன பண்ணான்னு பாப்போம். இங்கிலாந்து, அயர்லாந்துல லர்ச்சர்னு ஒரு நாய் உண்டு. அது தனி இனம் இல்ல, கலப்புதான். கிரேஹவுண்டோட கோலிங்கிற ஆட்டு நாயைச் சேப்பாங்க, விப்பெட்டுங்கிற சின்ன ஓட்ட நாயோட பெட்லிங்டன் டெரியரைச் சேப்பாங்க, நீண்ட தூரம் தாங்கணும்னா சலூக்கிங்கிற வேட்டை நாயோட ரத்தம் சேப்பாங்க. ஏன் சேத்தாங்க? கிரேஹவுண்டுக்கு வேகம் போதாதுன்னா? அதைவிட வேகமான நாய் ஏது? கிரேஹவுண்டோட வேகம் நானூறு ஐநூறு மீட்டருக்குள்ள முடிஞ்சு போற வேகம். குழி முயல் புடிச்சு குடும்பத்துக்குச் சாப்பாடு கொண்டு வர்ற ஏழைக்கு அது பத்தாது. கேட்டைத் தாண்டணும், கம்பி வேலி எங்க இருக்குன்னு பாக்கணும், ராத்திரி விளக்கு வெளிச்சத்துல வேலை செய்யணும், கூப்பிட்டா திரும்பி வரணும், புடிச்சதைக் கிழிக்காம கையில கொண்டாந்து குடுக்கணும். அதுக்குத்தான் ஆட்டு நாயான கோலியோட மூளையைக் கடன் வாங்குனாங்க.

அவங்க வேகமான நாய்க்கு அறிவைச் சேத்தாங்க. நாம அறிவுள்ள கன்னியில வேகத்துக்காக கிரேஹவுண்டைச் சேக்குறோம். ரெண்டும் கலப்புதான், ஆனா போற திசை நேர் எதிர். அவன் நூறு வருசத்துக்கு மேல பாடுபட்டு உண்டாக்குனது நம்ம ஊர்ல ஏற்கனவே ஆட்டுக் கிடைக் காவல்ல படுத்துக் கெடந்துச்சு, நாம அதைக் கலைச்சுக்கிட்டு இருக்கோம்.

அவ்வளவு ஏன், அங்க முயல் விட்டு நடத்துன பெரிய போட்டி வாட்டர்லூ கப், 1836ல தொடங்கி 2005 பிப்ரவரியோட நின்னு போச்சு, சட்டம் வந்து தடை பண்ணிட்டாங்க, பண்ணது சரிதான். ஆனா அந்தப் போட்டியிலகூட யாரு முதல்ல எட்டுனதுன்னு மட்டும் பாத்து ஜெயிப்பு குடுக்கல. நடுவர் குதிரையில ஏறிக்கிட்டு கூடவே போவாரு, முயலை எந்த நாய் எத்தனை தடவை திருப்புச்சுன்னு பாத்துப் புள்ளி போடுவாரு. வேகத்துக்குப் புள்ளி உண்டு, திருப்புறதுக்கும் புள்ளி உண்டு. கயித்துல பொட்டலத்தைக் கட்டி இழுக்குற நாம வேகத்தைத் தவிர வேற எதையும் அளக்க வழியில்லாம ஆக்கிட்டு, அளக்க முடியாததை இல்லவே இல்லங்கிறோம்.

"பந்தயம்னா வேகம்தானே அண்ணே, அதுக்கு ஏன் கூட்டிட்டு வந்தீங்க"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தான். நியாயமான கேள்வி. கூட்டிட்டு வந்தது தப்புதான். பையன் ஆசைப்பட்டான், பதினாலு வயசு, விட்டுட்டேன்.

இன்னொருத்தர் "கிரேஹவுண்ட் கலப்பு எல்லாம் முட்டாளா"ன்னு கோவப்பட்டிருக்காரு. நான் அப்படிச் சொல்லல. அந்த நாய் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, வீட்டுல குழந்தை மாதிரி இருக்கும். முதல் ஈத்து நல்லாவே வரும், ரெண்டும் கலந்து நிக்கும். அதுல வேகமா ஓடுனதை மட்டும் பொறுக்கி மறுபடி மறுபடி சேக்குறப்ப மத்த குணம் கரைஞ்சு போகுதுங்கிறேன். ஆடு மாடு வளக்குற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, எதைப் பாத்துப் பொறுக்குறியோ அதுதான் மிஞ்சும். 2020 ஆகஸ்ட்ல பிரதமர் ரேடியோவுல கன்னி, சிப்பிப்பாறைன்னு நம்ம நாட்டு நாய் இனங்க பேரைச் சொன்னதுல இருந்து குட்டி கேட்டு போன் மேல போன். யாராவது ஒருத்தர் "தாய் என்ன வேலை செய்யுது"ன்னு கேட்டீங்களா? "எத்தனை செகண்டு"ன்னுதான கேட்டீங்க.

"ஆடு மேய்க்கக் கூட்டிட்டுப் போ"ன்னு சொன்னவருக்கு ஒண்ணு சொல்லணும். அவ அந்த வேலையைத்தான் செய்யிறா. பங்குனியில நாலுவழிச் சாலைக்குப் பக்கத்துக் காட்டுல கிடை போட்டிருந்தோம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், தெருநாய்ங்க கூட்டமா வந்து வலையைச் சாச்சு, அறுவது ஆடு மிரண்டு ரோட்டைப் பாத்து ஓடுது. லாரி வெளிச்சம் தெரியுது. மருமகன் டார்ச்சோட பின்னாடி ஓடுறான், நான் அவனுக்குப் பின்னாடி ஓடுறேன், கரிச்சாவைக் காணோம். பயந்து ஓடிட்டான்னுதான் நெனச்சேன், சத்தியமா. அவ ஆட்டுக்குப் பின்னாடி ஓடவே இல்ல. பின்னாடி ஓடியிருந்தா இன்னும் வேகமாத்தான் ரோட்டுல போய் விழுந்திருக்கும். ஓடைக்குள்ள எறங்கி, முள்ளுக்குள்ள பூந்து, சின்னப் பாலத்துக்கிட்ட மேல ஏறி ஆட்டுக்கு முன்னாடி வந்து நின்னா. குரைக்கல, கடிக்கல. தலையைத் தாழ்த்திக்கிட்டு நின்னா. முன்னாடி வந்த கிடா நின்னுச்சு, பின்னாடி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு முட்டி நின்னுச்சு. ரோட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவுல இருவதடிதான்.

விடிஞ்சப்புறம் அவளை மடியில போட்டு முள்ளு எடுத்தோம். முன்னங்கால் ரெண்டு மெத்தையிலயும் சேத்து ஏழு முள்ளு. ஒண்ணு உள்ள ஒடிஞ்சு நின்னுருச்சு, ஊசியை விட்டு நெம்புனப்ப கண்ணுக்கு மேல இருக்குற அந்தப் பழுப்புப் பொட்டு ரெண்டும் துடிச்சுச்சே தவிர, காலை இழுக்கல. அந்தக் காலைத்தான் "ஓட்டத்துக்கு ஆகாது"ன்னு மைக்ல சொன்னீங்க.

பையன் ரெண்டு நாளா பள்ளிக்கூடம் போகல. கூடப் படிக்கிறவங்க போன்லயும் அந்த வீடியோ இருக்காம். "மாமா, அவளை விட்டுட்டு வேற நாய் வாங்கலாமா"ன்னு நேத்து ராத்திரி கேட்டான். அவன் கையால பால் ஊத்தி வளத்த நாய். அதுக்கப்புறம்தான் இதை எழுத உக்காந்தேன்.

முதல் சுத்தை யாரோ மேற்குப் பக்கத்துல டிராக்டர் மேல ஏறி எடுத்துக்கிட்டு இருந்தீங்க, நீலச் சட்டை. அந்த வீடியோ உங்ககிட்ட இருந்தா அனுப்புங்க. வேற ஒண்ணும் வேணாம், பையனுக்குக் காட்டணும்.