ரிப்பன் வெட்டக் காசு உண்டு, கேட்டலாக்கைத் திருத்த இல்லை

பொது நூலகம் ஒன்றில் நூலகராக இருக்கும் தோழி ஒருவருக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் மானிய விண்ணப்பம் எழுத உதவினேன். நூலகத்தின் இணையச் சேவையை மேம்படுத்துவதற்கான நிதி. படிவத்தில் 'இத்திட்டத்தின் புதுமை என்ன?' என்ற கேள்விக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். 'நிதிக்காலம் முடிந்தபின் சேவை எவ்வாறு தொடரும்?' என்ற கடைசிக் கேள்விக்கு இரண்டே வரி. 'நூலகத்தின் சொந்த நிதியிலிருந்து' என்று எழுதிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சொந்த நிதி இருந்தால் எதற்கு விண்ணப்பம்?

பணம் வந்தது. மொபைல் செயலி வந்தது, புது இணையதளம் வந்தது, வாசலில் க்யூஆர் கோடு ஒட்டினார்கள், விழா நடந்தது. (அந்தப் போட்டோவில் ஓரமாக நானும் நிற்கிறேன். பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.) பதினான்காவது மாதம் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது. அதைப் புதுப்பிப்பது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. தளத்தைத் திறந்தால் பிரவுசர் சிவப்பாக எச்சரித்தது. போன் செய்து கேட்டவர்களிடம், 'பரவாயில்லை, கீழே அட்வான்ஸ்டு என்று இருக்கும், அதை அமுக்கி உள்ளே போங்க' என்று பணியாளர் சொல்லிக்கொண்டிருந்தார். எதைச் செய்யாதீர்கள் என்று வங்கிகள் தினமும் குறுஞ்செய்தி அனுப்பிக் கெஞ்சுகின்றனவோ, அதை ஒரு நூலகம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கட்சிதான். நூலகங்களின் இணையச் சேவைக்கு மானியம் கொடுப்பவர்கள் தொடக்க விழாவுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, விழாவுக்கு மறுநாளிலிருந்து நடக்கும் வேலைக்குக் கொடுக்க வேண்டும்.

இது ஒன்றும் புதுச் சிந்தனை இல்லை. அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி 1883 முதல் 1929 வரை உலகெங்கும் 2,509 நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். அவர் இறந்த பிறகும் அந்தப் பணத்தில் கட்டிடங்கள் எழுந்தன. ஹோம்ஸ்டெட் ஆலையில் 1892இல் அவருடைய கம்பெனி தொழிலாளர்களை நடத்திய விதத்தை நான் மறக்கவில்லை, அது தனிக் கணக்கு. ஆனால் மனிதர் கெட்டிக்கார வியாபாரி. கட்டிடத்துக்கு நான் தருகிறேன்; நிலத்தை ஊர் தரவேண்டும்; நான் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் ஊர்ப் பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்குவதாக முதலிலேயே உறுதி தரவேண்டும். இதுதான் நிபந்தனை. முடியாது என்று விலகிய ஊர்களும் உண்டு. செங்கல் கட்டிடத்துக்கே பராமரிப்பை முதலில் பேசிய அந்தக் காலம் எங்கே, மூன்றே வருடத்தில் பழசாகிப்போகும் மென்பொருளுக்கு இரண்டு வரி ஒதுக்கும் இந்தக் காலம் எங்கே!

சரி, மறுநாள் வேலை என்றால் என்ன? முக்கால்வாசி கேட்டலாக், அதாவது நூலகத்தின் புத்தகப் பட்டியல்தான். செயலி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தேடினால் புத்தகம் கிடைக்க வேண்டும். தோழியின் நூலகத்தில் 'தொல்லியல்' என்று தேடினேன். முடிவுகள் இல்லை. திரும்பிப் பார்த்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டு நிறையத் தொல்லியல் புத்தகங்கள்.

ஏன் என்று தோண்டினோம். 'தொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். யூனிகோடில் அதற்கென்றே ஒரு குறியெண் இருக்கிறது. கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் இரண்டு குறியெண்களாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும்படி மென்பொருளுக்குச் சொல்லிவைக்காவிட்டால் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். சில பதிவுகளில் காலுக்குப் பதிலாக ரகரத்தை அடித்திருந்தார்கள். இன்னும் பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. யூனிகோடுக்கு மாற்றாமலே ஏற்றியதால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகக் கொட்டிக் கிடந்தன.

வெளிநாட்டு நூலகங்களில் இன்னொரு கூத்து. அங்கே தமிழ்ப் புத்தகங்களைப் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் பதிகிறார்கள், அதுவும் அமெரிக்க நாடாளுமன்ற நூலக முறைப்படி. 'சோழர்' என்று தமிழில் தேடினால் கிடைக்காது. நாமெல்லாம் அடிப்பதுபோல் ஆங்கிலத்தில் 'சிஎச்' போட்டு, ழகரத்துக்கு 'இசட்எச்' போட்டாலும் கிடைக்காது. பதிவில் இருப்பது 'சி', அடுத்து தலையில் கோடு போட்ட 'ஓ', அடுத்து அடியில் கோடு போட்ட 'எல்'. இது எத்தனை வாசகருக்குத் தெரியும்? இத்தனைக்கும் 1960களில் ஹென்றியட் அவ்ரம் அந்த நூலகத்தில் உருவாக்கிய மார்க் என்ற, புத்தக விவரங்களைக் கணினி படிக்கும்படி எழுதும் பதிவு வடிவத்தில், மூல மொழி எழுத்தை இடுவதற்கென்றே இன்று 880 என்ற புலம் இருக்கிறது. நிரப்ப ஆள்தான் இல்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நம்மூர் நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே தன் ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக எழுதிவைத்துவிட்டுப் போனார்.

இதைத் திருத்தக் குறுக்குவழி கிடையாது. ஒரே மாதிரியான பிழைகளை மொத்தமாக மாற்றலாம். மீதிக்குப் புத்தகத்தைத் தட்டிலிருந்து எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, பதிவைச் சரிசெய்ய வேண்டும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் 40,000 புத்தகங்களுக்கு 3,300 மணி நேரத்துக்கு மேல். ஒரே ஆள் என்றால் ஏறக்குறைய இரண்டு வருட வேலை. இதைப் போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில் போட முடியாது. அதனாலேயே யாரும் நிதி தருவதில்லை என்பது என் சந்தேகம்.

மின்னூலுக்கென்று கேட்டால் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். ஆனால் பெரும்பாலான நேரம் நூலகம் மின்னூலை வாங்குவதில்லை, உரிமம்தான் எடுக்கிறது. ஹார்ப்பர் காலின்ஸ் 2011இல் ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்ததும் உரிமம் முடியும் என்று விதி போட்டபோது நூலகர்கள் கொதித்தார்கள். பிறகு எண்ணிக்கை வைத்தும் வருடக்கணக்கு வைத்தும் முடிகிற உரிமங்களே சகஜமாகிவிட்டன. ஒருமுறை மானியத்தில் நிரப்பிய மின்னூல் அலமாரி, மறுபடி பணம் வராவிட்டால் தானாகக் காலியாகும். மாநில அளவிலேயே இது நடக்கும். 2025 மார்ச்சில் அமெரிக்கக் கூட்டரசின் நூலக நிதி ஆட்டம் கண்டபோது மிசிசிப்பியில் ஹூப்ளா மின்னூல் சேவையை நிறுத்தினார்கள். அந்த நிதியை வெட்டியது தவறு என்பதே என் கருத்து. ஆனால் ஒரு கையெழுத்தில் நின்றுபோகிற அளவுக்குத் தினசரிச் சேவையை மானியத்தின் தலையில் ஏற்றிவைத்ததும் தவறுதான்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. 2023 அக்டோபர் கடைசியில் லண்டனின் பிரிட்டிஷ் நூலகமும் டொராண்டோ பொது நூலகமும் ஒரே சமயத்தில் சைபர் தாக்குதலில் விழுந்தன. டொராண்டோவில் கிளைகளை மூடவில்லை. இரவலைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் திரும்பி வந்த புத்தகங்களைக் கணினியில் வரவு வைக்க வழியில்லாமல் லட்சக்கணக்கில் லாரி டிரெய்லர்களுக்குள் அடுக்கிவைத்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் கேட்டலாக் 2024 ஜனவரியில்தான் திரும்ப வந்தது. பழைய கணினி அமைப்புகளை மாற்றாமல் விட்டது மீட்பைக் கடினமாக்கியது என்று அவர்களே அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பெரிய வீட்டுக்கே இந்தக் கதி.

நல்லவிதமாகச் செலவான பணத்துக்கும் உதாரணம் இருக்கிறது. நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற சின்ன மாவட்டம். அங்கிருந்த நூலக மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும், விலைக்கு இன்னொன்றை வாங்காமல் ஒரு நிறுவனத்தைக் கொண்டு தாங்களே எழுதவைத்தார்கள். 2000 ஜனவரி தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. அப்புறம் அதை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதுதான் கோஹா. மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். இன்று பல நாடுகளில் நூலகங்கள் அதில் ஓடுகின்றன. மானியம் தருபவர்கள் ஒவ்வொரு நூலகத்துக்கும் தனித்தனிச் செயலி செய்து குவிப்பதற்குப் பதில், இப்படிப்பட்ட பொது மென்பொருளில் தமிழ்த் தேடலை ஒருமுறை ஒழுங்காகச் சரிசெய்யப் பணம் கொடுத்தால் ஒகரக் குறித் தொல்லை அதில் ஓடும் எல்லா நூலகத்துக்கும் ஒரே நாளில் தீரும். தனியார் மென்பொருள்தான் வேண்டும் என்றால் எடுக்கட்டும். விலகும்போது மொத்தப் பதிவுகளையும் மார்க் கோப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் ஒப்பந்தத்தில் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரி இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் பட்டபாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

போன வாரம் தோழி மறுபடியும் கூப்பிட்டார். அடுத்த சுற்று மானியம், அதே படிவம். 'புதுமை' கட்டத்தில் இந்த முறை அவரே எழுதியிருந்தார்: இரண்டு பட்டியலாளர்கள், ஒரு வருடம், எல்லாப் பதிவுகளையும் தட்டோடு ஒப்பிட்டுத் திருத்துதல். 'இதில் என்ன புதுமை என்று கேட்பார்களே?' என்றேன். 'கேட்கட்டும், வந்து தொல்லியல் என்று தேடிப் பார்க்கச் சொல்றேன்' என்றார். விண்ணப்பம் போயிருக்கிறது.