பெங்களூரில் ரூம் தேடும் தம்பிகளுக்கு: பக்கத்துக் கட்டிலில் யார் என்று பாருங்கள்

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆம்பூர், கடையநல்லூர், கீழக்கரை என்று எல்லா ஊரிலிருந்தும் நம் பிள்ளைகள் முதல் வேலைக்காகப் பெங்களூர் வருகிறார்கள். பி.டி.எம். லேஅவுட்டிலோ மடிவாளாவிலோ பிஜி பார்க்கும்போது வைஃபை உண்டா, வெந்நீர் வருமா, சாப்பாடு ஹலாலா என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் யார் என்று மட்டும் கேட்பதில்லை. மூன்று பேர் ஷேரிங் என்றால் வாடகை குறைகிறதே என்று அங்கேயே அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறார்கள். தீனை (மார்க்கத்தை)க் கணக்கில் வைத்துப் பார்த்தால், அந்த அறையில் முதலில் விசாரிக்க வேண்டியதே அந்தக் கட்டிலைத்தான்.

"மனிதன் தன் உற்ற நண்பனின் மார்க்கத்தில் இருக்கிறான், யாரோடு நட்பு வைக்கிறோம் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற நபிமொழி அபூதாவூத், திர்மிதி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் இருக்கிறது. அதில் வரும் சொல் 'கலீல்'. மனசுக்குள் இடம் பிடித்தவனைக் குறிக்கும் சொல் அது. ஊரில் அந்த இடத்துக்கு ஒருவன் வர வருஷக்கணக்காகும். இங்கே அறையைப் பகிர்ந்துகொள்பவன் ஆறே மாதத்தில் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறான், நாம் தேர்ந்தெடுக்காமலே.

"நான் கட்டுப்பாடாக இருந்துகொள்வேன், அவன் எப்படி இருந்தால் எனக்கென்ன" என்று சொல்லும் தம்பிகள், கஸ்தூரி ஹதீஸை இன்னொரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும். நபித்தோழர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவித்து புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் வருவது அது. நல்ல நண்பன் கஸ்தூரி வைத்திருப்பவனைப் போல, கெட்ட நண்பன் கொல்லனின் துருத்தியை ஊதுபவனைப் போல. கஸ்தூரி வைத்திருப்பவன் உனக்குக் கொஞ்சம் தருவான், அல்லது நீ விலைக்கு வாங்குவாய், இரண்டும் இல்லாவிட்டாலும் வாசனையாவது கிடைக்கும். துருத்தி ஊதுபவன் உன் துணியை எரித்துவிடுவான், அல்லது கெட்ட வாடை உன்மேல் ஏறும். கொல்லன் செய்வது ஹலாலான தொழில். துணியை எரிக்க வேண்டும் என்று அவன் நினைக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்ததாலேயே பொறி பறந்து வருகிறது. உன் கட்டுப்பாடு பொறியைத் தடுக்காது.

இந்த ஊரில் துணி எரிவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். "மச்சான், என் அக்கவுண்டில் லிமிட் முடிஞ்சிடுச்சு. உன் அக்கவுண்டுக்கு ஒரு அமவுண்ட் வரும், எடுத்துக் கொடு" என்பான். அந்தப் பணம் சூதாட்ட ஆப்பிலிருந்தோ, எங்கோ ஒருவரை ஏமாற்றியோ வந்திருந்தால் முடங்குவது உன் அக்கவுண்ட், போலீஸ் விசாரணைக்குக் கூப்பிடுவது உன்னை. லோன் ஆப்பில் உன் நம்பரை ரெஃபரன்ஸாகக் கொடுப்பதும் இதே வகைதான். அக்கவுண்ட், சிம், ஆதார் நகல், ஓடிபி நான்கையும் எவ்வளவு நெருங்கிய நண்பனுக்கும் கொடுக்கக் கூடாது. கேட்கிறவனிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆளை எடை போடுவது எப்படி? ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவரிடம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டதாக அறிவிக்கப்படுகிறது. நீ அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனா? அவரோடு பணம் கொடுத்து வாங்கியிருக்கிறாயா? அவரோடு பயணம் போயிருக்கிறாயா? மூன்றுக்கும் இல்லை என்றார் அவர். "பள்ளியில் அவர் தொழுவதைப் பார்த்திருப்பாய் போலிருக்கிறது" என்றார்கள். ஆமாம் என்றார். "அப்படியானால் உனக்கு அவரைத் தெரியாது" என்று அனுப்பிவிட்டார்கள். தாடியையும் தொப்பியையும் பார்த்தோ, "நம்ம ஊர் பையன்" என்பதற்காகவோ அறை எடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அறையைப் புதன்கிழமை மாலையில் போய்ப் பார்க்காதீர்கள். வேலை நாளில் எல்லா அறையும் ஒழுங்காகத்தான் இருக்கும். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒரு தடவை, ஞாயிறு சுபுஹு (அதிகாலைத் தொழுகை)க்குப் பிறகு ஒரு தடவை போங்கள். பள்ளிவாசலுக்கு நடந்தே போய்ப் பாருங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் சுபுஹு ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) கைவிட்டுப் போகும். அறையைக் காலி செய்தவரின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். சேர்ந்த பிறகு மளிகை, கேஸ் கணக்கை ஞாயிறுதோறும் எழுதித் தீர்த்துவிடுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்வது குர்ஆன் (2:282). முந்நூறு ரூபாயை இரண்டு தடவை இழுத்தடிப்பவனிடம் முப்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

முஸ்லிம் அல்லாதவரோடு தங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஹிஜ்ரத்தின்போது (மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போனபோது) நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாக அமர்த்திய மனிதர் அப்போது இஸ்லாத்தில் இல்லை. ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று நாள் கழித்து ஸவ்ர் குகைக்கு வரச் சொன்னார்கள், சொன்னபடி வந்தார். தலைக்கு விலை வைத்திருந்த நேரத்தில் வைத்த நம்பிக்கை அது. வாக்குத் தவறாத, குடிக்காத ஒரு ஹிந்து நண்பரோடு தங்குவது, குடிக்கிற நம் ஆளோடு தங்குவதைவிட மேல் என்பது என் கருத்து. ஆனால் தொழுகை தவறினால் "ஏன்டா?" என்று கேட்க ஒருவன் வேண்டும். அவனைப் பள்ளியில் தேடிப் பிடியுங்கள்.

கெட்ட சேர்க்கையில் சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரே வழி, இடம் மாறுவது. ஒரு நபிமொழியில் வருகிறது: தொண்ணூற்றொன்பது கொலை செய்தவன், நூறாவதையும் செய்துவிட்டு ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) போனான். தவ்பா (பாவமன்னிப்பு) உண்டு என்று சொன்ன அவர், உன் ஊருக்குத் திரும்பாதே, நல்லவர்கள் இருக்கும் இன்ன ஊருக்குப் போ என்றும் சொன்னார். அதே அறையில் இருந்துகொண்டு திருந்துவது ரொம்பக் கஷ்டம். முதலில் வீக்எண்ட் பிளான் போடும் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியே வாருங்கள். நோட்டீஸ் கொடுத்து, கடனை முழுசாகத் தீர்த்துவிட்டு, சண்டை போடாமல் கிளம்புங்கள். ஸலாமை நிறுத்தாதீர்கள், மூன்று நாளுக்கு மேல் சகோதரனிடம் பேசாமல் இருக்க நமக்கு அனுமதி இல்லை. பார்ப்பதாக இருந்தால் பகலில், டீக்கடையில் பாருங்கள். அந்த அறைக்கு வர நினைக்கும் இன்னொரு பையன் விசாரித்தால் தேவையான அளவு உண்மையைச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் அது புறம் பேசுவது.

விலகுகிறோம் என்பதற்காக அந்த நண்பனைக் கணக்கு முடிந்தவனாக நினைக்க வேண்டாம். நபி (ஸல்) அவர்களின் பெரியப்பா அபூதாலிப் மரணப் படுக்கையில் இருந்தபோது, கலிமா (இஸ்லாத்தின் உறுதிமொழி) சொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் கெஞ்சினார்கள். தலைமாட்டில் இருந்த இருவர், "அப்துல் முத்தலிபின் மார்க்கத்தை விடப்போகிறீரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டே அவரைத் தடுத்தார்கள். ஒருவன் அபூஜஹ்ல். இன்னொருவர் அப்துல்லாஹ் பின் அபீஉமைய்யா. அந்த இரண்டாவது மனிதர்தான் மக்கா வெற்றிக்குச் சற்று முன் இஸ்லாத்துக்கு வந்து, தாயிஃப் முற்றுகையில் ஷஹீதானார் (இறைவழியில் உயிர் நீத்தார்).