4கே படத்தை ஓட்டுவது ரேம் அல்ல

"ரேமை 8 ஜிபி ஆக்கி எஸ்எஸ்டி மாட்டினால் எந்தப் பழைய லேப்டாப்பும் டிவியில் 4கே படம் ஓட்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, இதை நம்பி யாரும் காசைக் கொட்ட வேண்டாம். அவை இரண்டும் கணினியைச் சுறுசுறுப்பாக்கும், அவ்வளவுதான். வீடியோவைப் பிரித்துக் காட்டுவது கிராபிக்ஸ் பகுதியில் இருக்கும் டிகோடர். 4கே படங்கள் பெரும்பாலும் 10 பிட் ஹெச்இவிசி என்ற, வீடியோவை அதிகமாகச் சுருக்கும் வடிவில் வருகின்றன. இன்டெலில் அதை வன்பொருளே முழுமையாகக் கையாள்வது 7ஆம் தலைமுறையிலிருந்துதான். 2011இல் வந்த 2ஆம் தலைமுறை ஐ5இல் மொத்தச் சுமையும் சிபியு தலையில் விழும். ஃபேன் அலறும், படம் திக்கித் திக்கி நகரும். அப்புறம், டிவியோடு இணைக்கும் ஹெச்டிஎம்ஐ பழைய 1.4 வகையாக இருந்தால் 4கே விநாடிக்கு 30 ஃபிரேமைத் தாண்டாது.

அதே பழைய ஐ5, 1080பி (முழு ஹெச்டி) படங்களை, ஹெச்.264 என்ற பழைய வடிவில் இருந்தால், அருமையாக ஓட்டும். படம் பார்ப்பதற்கென்றே உள்ள லிப்ரேஎலெக் இயங்குதளத்தை நிறுவி, அதிலுள்ள கோடி என்ற பிளேயர் மென்பொருளில் பாருங்கள், நன்றாகவே இருக்கும். வழக்கமான இயங்குதளத்திலேயே பார்க்கும்போது யூடியூப் தடுமாறினால், வீடியோவை ஹெச்.264 வடிவிலேயே வரவைக்கும் ஹெச்264ஐஃபை போன்ற நீட்சியைப் பிரவுசரில் சேருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். சார்ஜரிலேயே கிடக்கப்போகும் கணினியில் அது ஆபத்து.