ஓங்வென் வழக்கு: தண்டனை சிறுவயதுச் செயல்களுக்கு அல்ல

'சிறுவனாக இருந்தபோது செய்ததற்கு டொமினிக் ஓங்வெனுக்கு 25 ஆண்டு சிறை' என்று சிலர் சொல்வது தவறு. 18 வயதுக்கு முன் ஒருவர் செய்ததை, இந்தத் தண்டனையைத் தந்த சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்கவே முடியாது. அந்த நீதிமன்றத்தை நிறுவிய ஒப்பந்தமான ரோம் சட்டத்தின் 26-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. 2021-இல் நிரூபணமான 61 குற்றங்களும் 2002-2005 காலத்தவை. அப்போது அவர் இருபதுகளில் இருந்தவர், உகாண்டாவின் கிளர்ச்சிப் படையான எல்ஆர்ஏ-வின் தளபதி.

சரி, சுமார் ஒன்பது வயதில் அதே படையினர் அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள் என்பது உண்மைதான், நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. நீதிபதிகளும் அதை மறக்கவில்லை. ஆயுள் தண்டனை தராததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மிரட்டலுக்குப் பயந்தே செய்தார் என்ற வாதத்தை அவர்கள் ஏற்கவில்லை. வடக்கு உகாண்டாவில் லுகோடி, ஒடெக் ஆகிய இடங்களில் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த முகாம்களைத் தாக்கியது, பிள்ளைகளைப் படையில் சேர்த்தது எல்லாம் அந்த 61-இல் அடங்கும்.