சின்ன எழுத்து என்றால் கஞ்சத்தனமா?
கையெழுத்தை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்லலாம் என்கிற கட்டுரை ஒன்றை வாசித்தேன். சின்னதாக, நெருக்கி எழுதுகிறவர் ஒதுங்கிப் போகிற, கையிறுக்கமான சுபாவக்காரர் என்று அதில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் படித்தவன் நான். கொப்பி கிடைப்பதே பெரிய பாடு. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், ஒரு கோட்டுக்குள் இரண்டு வரி, ஓரத்தையும் விடாமல் எழுதினோம். வகுப்பிலேயே பெரிய வாயாடிகளும் அப்படித்தான் எழுதினார்கள். அந்தப் பழக்கம் இன்றும் என் கையை விட்டுப் போகவில்லை. அதில் தெரிவது கடதாசித் தட்டுப்பாடு, என் குணம் இல்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், தன் கையெழுத்தைப் பார்த்துச் சொன்ன குணம் அப்படியே பொருந்தியது என்கிறார். யாருக்குச் சொன்னாலும் பொருந்துகிற மாதிரிச் சொல்ல முடியும். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்து, இது உங்கள் குணம் என்றார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரிப் புள்ளி 5க்கு 4.3 அளவில் இருந்தது. சரி, கையெழுத்து ஒன்றுமே சொல்லாதா என்றால், சொல்லும். அப்பா சங்கக்கடையில் கணக்கெழுதியவர், முத்து முத்தான பெரிய எழுத்து. வயது போன பிறகு, வரி முடிய முடிய எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. பார்வைதான் குறைகிறது என்று கண்ணாடியை மாற்றிக் கொடுத்தோம். எழுத்து அப்படிச் சிறுப்பது பார்கின்சன் நோயின் அறிகுறி என்று நரம்பியல் மருத்துவர் சொன்னபோது இரண்டு வருடம் போய்விட்டிருந்தது. உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், பழைய கொப்பியில் உள்ள எழுத்தை இப்போதைய எழுத்தோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள்.